மைத்துனரின் நாவலுக்கு என் மனைவி சொன்ன மதிப்புரை

1997 செப்டம்பர்: கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் கணினியும் மோடமும் பொருத்தப்பட்டன.
1997 நவம்பர்: தமிழ் வாசகர்களின் மின்னஞ்சல் குழு ஒன்றில் என் மனைவி உறுப்பினரானார்.
1998 அக்டோபர்: அவருடைய தம்பியின் முதல் நாவல் கிள்ளானில் வெளியிடப்பட்டது.
1998 டிசம்பர்: அந்நாவலைப் படித்துவருவதாக மனைவி குழுவில் அறிவித்தார்.
1999 பிப்ரவரி: மதிப்புரையின் பெரும்பகுதி தட்டச்சாகியது. அதே மாதம் மனைவி மருத்துவமனையில் காலமானார்.
1999 மார்ச்: மதிப்புரை குழுவுக்கு அனுப்பப்பட்டது.

இவ்வளவையும் எழுதுவதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. நான் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேதியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மாதிரி வந்த நாள், சோதித்த முறை, கிடைத்த அளவு, கீழே கையொப்பம். பணிக்காலம் முழுவதும் நான் எழுதியது இந்த ஒரே வகை உரைநடையைத்தான். அங்கே இரண்டு விதிகள் இருந்தன. ஒருவர் கண்ட முடிவை இன்னொருவர் திருத்தக் கூடாது. சோதனை பாதியில் நின்றால் அறிக்கை வெளியே போகக் கூடாது. முதல் விதியை இன்றுவரை காத்துவந்திருக்கிறேன். இரண்டாவதை ஒருமுறை மீறினேன்.

எங்கள் வீட்டில் வாசகர் என்றால் அவள்தான். மருத்துவமனையில் தாதியாக, எங்கள் பேச்சில் மிஸ்ஸியாக, வேலை பார்த்த காலத்திலேயே, சீருடைப் பையில் வெப்பமானியோடு ஒரு கதைப் புத்தகமும் இருக்கும். ஓய்வுக்குப் பிறகு கணினி வந்தபோது அதைத் தொட மறுத்துவிட்டாள்.

"எனக்கு வாய் இருக்கு, உங்களுக்கு வெரல் இருக்கு. நான் சொல்றேன், நீங்க தட்டுங்க" என்றாள்.

அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொல்லுவாள், நான் தட்டுவேன். ஒருவர் கணினியில் உள்ள தமிழ் எழுத்து இன்னொருவர் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலம் அது. ஆகவே குழுவில் எல்லோரும் தமிழை ஆங்கில எழுத்துகளிலேயே எழுதினோம். சிங்கப்பூரில் ஒருவர், டொரொண்டோவில் ஒருவர், லண்டனில் ஒரு மருத்துவர், சென்னையில் சிலர் என்று யாரும் யாரையும் பார்த்ததில்லை. காலையில் மோடம் கீச்சிட்டு இணைந்ததும், "என்னங்க, சிங்கப்பூரு இன்னைக்கு யார வையறாரு?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு நூலைக் கையிலெடுத்தவர் முதலில் அறிவித்துவிடுவார். அவருடைய மதிப்புரை வரும்வரை மற்றவர்கள் அந்த நூலைப் பற்றி ஒரு சொல்லும் எழுத மாட்டார்கள். எழுத்தில் இல்லாத இந்த மரியாதையை எல்லோரும் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார்கள்.

மைத்துனரின் நாவல் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் வெளியீடு கண்டது. மாலைகள், சால்வைகள், முதல் பிரதியைப் பெற டத்தோ பட்டம் பெற்ற ஒரு பிரமுகர். மேடையில் நான்கு பேர் நாவலைப் புகழ்ந்தார்கள். என் மனைவி மூன்றாவது வரிசையில் அமர்ந்து அந்த நாவலையே படித்துக்கொண்டிருந்தாள்.

"நாலு பேரு பேசிட்டாங்க" என்று என் காதருகே சொன்னாள். "ஒருத்தராச்சும் கதாநாயகி பேரச் சொன்னாங்களா, கவனிச்சீங்களா?"

சொல்லவில்லை. நம் நாட்டு நூல் வெளியீடுகளில் அது குறையாகக் கருதப்படுவதுமில்லை. வந்தவர்கள் பண உறையை நீட்டிப் பிரதியை வாங்கிக்கொண்டு, மீ கோரெங் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பிரதி காரின் பின்னிருக்கையில் கிடக்கும்.

வண்டிகள் நிறுத்துமிடத்தில் மைத்துனர் சால்வையோடு ஓடிவந்தார். அவர் போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் நிறுவனத்தில் குமாஸ்தா. மனைவியும் பள்ளிக்குப் போகும் மூன்று பிள்ளைகளும் உள்ளவர். பொருளாதாரச் சரிவில் அவருடைய நிறுவனம் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தது. தாமாக விலகுவோருக்கு ஒரு தொகை தருவதாக அறிவித்திருந்தது. மனு கொடுக்க மார்ச் இறுதி கடைசி நாள்.

"அக்கா, மேடையில பேசினதெல்லாம் எனக்கு வேணாம். நீ படிச்சுட்டு சொல்லு லா. நல்லாருக்குன்னு நீ சொன்னா வேலைய விட்டுட்டு முழுசா எழுத உக்காந்துடுவேன்."

"நல்லா இல்லன்னா?"

"அப்பவும் சொல்லு."

"சொல்லிட்டா நீ பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்குச் சாப்பாட்டுக்கு வரணும். மூஞ்ச தூக்கி வச்சுக்கிட்டு இருக்கக் கூடாது."

இருவரும் சிரித்தார்கள். அவர் சிரிப்பை முதலில் நிறுத்தினார்.

அவள் அந்த நாவலை மெதுவாகப் படித்தாள். பிப்ரவரியில் ஒரு காலையில் சமையலறை மேசையில் சொல்லத் தொடங்கினாள். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, மெதடிஸ்ட் தேவாலயத்துப் பாடற்குழுவில் வளர்ந்த ஒருவர், தாம் ஒரு நாளும் வாழாத ரப்பர் தோட்டத்தைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்டாள். கைதட்டல் கிடைக்கும் இடமாகப் பார்த்து அழுகையை வைத்திருக்கிறார் என்றாள். இந்தத் துயரங்கள் பொய் என்றாள்.

நான் நிறுத்தினேன். "'பொய்' என்றே போடவா?"

"போடுங்க. நான் சொன்னத மாத்தாதீங்க."

பிறகு ஒன்பதாம் அத்தியாயத்துக்கு வந்தாள். துறைமுகக் கிடங்கில் அரிசி மூட்டைகள் நனைந்துவிடுகின்றன. எவர் கையொப்பமிடுவது என்று நான்கு குமாஸ்தாக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தேநீர் குடிக்கிறார்கள். இந்தப் பக்கங்களில் மட்டும் ஆசிரியர் யாரையும் கவர முயலவில்லை, ஆகவே இவர் எழுதத் தெரிந்தவர் என்பது இங்கே மட்டும் தெரிகிறது என்றாள். பிறகு, "கடைசிப் பத்தி. எழுதிக்குங்க. ஆகவே இவர் இனி..."

குக்கர் சத்தம் போட்டது. எழுந்து போனாள். "மிச்சத்த நாளைக்குச் சொல்றேன். அது கொஞ்சம் யோசிச்சுச் சொல்ல வேண்டியது" என்றாள்.

மறுநாள் காலை அவளை மருத்துவமனையில் சேர்த்தோம். இதயம். அவளுக்குத் தெரிந்த வார்டு. அவளை அக்கா என்று கூப்பிட்ட மிஸ்ஸிகள் அங்கே இன்னும் இருந்தார்கள். அவள் வீடு திரும்பவில்லை.

அடக்க ஆராதனை முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, வழக்கம்போல் காலையில் மோடத்தை இணைத்தேன். அவள் பெயருக்கு அஞ்சல்கள் வந்திருந்தன. சிங்கப்பூர்க்காரர் எழுதியிருந்தார்: "அக்கா, நாவல் அவ்வளவு கனமா? தூக்க ஆள் அனுப்பட்டுமா?" டொரொண்டோக்காரர் எழுதியிருந்தார்: "அவரை அவசரப்படுத்தாதீர்கள். மெதுவாகப் படிக்கிறார்." நான் எவருக்கும் பதில் எழுதவில்லை. அடுத்த காலையிலும் இணைத்தேன். அவர்களுக்கு அவள் இன்னும் மெதுவாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கிடையில் நான் நாவலை எடுத்துப் படித்தேன். அவள் தவறாக மதிப்பிட்டிருக்கலாம் என்ற நம்பிக்கையோடு படித்தேன். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். இரண்டாவது சோதனையிலும் அதே முடிவுதான் கிடைத்தது.

மார்ச் நடுவிலிருந்து மைத்துனரின் தொலைபேசி அழைப்புகள் தொடங்கின. முதலில் என் உடல்நலம் கேட்டார். பிறகு மழையைப் பற்றிப் பேசினார். மூன்றாவது அழைப்பில், "அத்தான், அக்கா ஏதாச்சும் எழுதி வச்சிருக்காளா?" என்றார். தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேட வேண்டிய அவசியம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் என் குரலில் அது தெரிந்திருக்க வேண்டும்.

மாதத்தின் கடைசி வாரத்தில் ஒரு சனிக்கிழமை அவரே கொமுட்டர் ரயில் பிடித்து வந்துவிட்டார். பழைய ரயில்வே நிலத்தில் எழும்பும் புதிய நிலையத்துக்குத் தூண் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் எங்கள் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த மனுவை எடுத்துக் கணினி மேசையில் வைத்தார்.

"திங்கக்கிழமை குடுக்கணும் அத்தான். அக்கா எழுதினது இருக்குன்னு எனக்குத் தெரியும். அவ படிக்காம விடமாட்டா, படிச்சத சொல்லாமலும் விடமாட்டா."

"முடிக்கவில்லை, தம்பி."

"முடிச்ச வரைக்கும் காட்டுங்க."

நான் கணினியை இயக்கினேன். திரையில் முதலில் வந்தது அஞ்சல் பட்டியல். அவர் குனிந்து பார்த்தார். அன்று காலை வந்த ஓர் அஞ்சலின் தலைப்பு: "அக்கா, நலமா?" அதற்குக் கீழும் அவளை விளித்தே பல இருந்தன. அவர் படித்து முடிக்க நேரம் பிடித்தது.

"இவங்களுக்கு இன்னும் தெரியாதா?"

நான் அஞ்சல் பட்டியலை மூடினேன்.

"அத்தான், ஒரு மாசம் ஆச்சு."

"மதிப்புரை இதோ" என்று கோப்பைத் திறந்தேன்.

ஆங்கில எழுத்தில் இருந்த தமிழை அவர் வாய்விட்டுத்தான் படிக்க முடிந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தார். முதலில் தடுமாறினார், பிறகு வேகம் பிடித்தது. சொற்கள் அவளுடையவையாகவும் குரல் அவருடையதாகவும் அறையில் ஒலித்தன. 'பொய்' என்ற இடத்தில் நின்றார். அதையே மறுபடி படித்தார். நான் சன்னலைப் பார்த்தேன். தூண் இரண்டு முறை இறங்கியது. அவர் தொடர்ந்து ஒன்பதாம் அத்தியாயத்தைத் தாண்டிக் கடைசி வரிக்கு வந்தார்.

"ஆகவே இவர் இனி... இனி?"

"அவ்வளவுதான்."

"என்ன சொல்ல இருந்தா?"

"தெரியாது."

"அவகூட இத்தன வருஷம் வாழ்ந்தீங்க. அவ வாயிலேருந்து வந்ததெல்லாம் நீங்கதான் தட்டினீங்க. வேலைய விடச் சொல்லியிருப்பாளா, விடக் கூடாதுன்னு சொல்லியிருப்பாளா? ஒரு வார்த்த. நீங்களே முடிங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"சோதிக்காத மாதிரிக்கு நான் கையொப்பம் இட முடியாது."

"இது லேப் இல்ல அத்தான்!" அவர் மேசையில் கையை ஓங்கி வைத்தார். மனு நழுவிக் கீழே விழுந்தது. "சரி, அவள விடுங்க. நீங்க படிச்சீங்களா?"

"படித்தேன். இருமுறை."

"நீங்க என்ன சொல்றீங்க?"

அவரை ஏமாற்ற எனக்கு ஒரு கணம் கிடைத்தது. இந்த மனிதர் என் மனைவியின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் ஒருவர். "அவள் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் மாற்ற மாட்டேன்" என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்து அப்போதுதான் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப அனுப்புங்க. இருக்கற மாதிரியே" என்றார்.

"உன் நாவல். எல்லோரும் படிப்பார்கள்."

"மண்டபம் நெறைய ஆளு வந்தாங்க. ஒருத்தரும் படிக்கல. இவ ஒருத்திதான் படிச்சா. அது போவட்டும்."

நான் விசைகளின் மேல் கை வைத்தேன், அழுத்தவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்காகத் தயங்குறீங்கன்னு நெனச்சேன்" என்றார் மெதுவாக.

மோடம் எண்களைச் சுழற்றியது. கீச்சிட்டு, இரைந்து, இணைந்தது. "ஆகவே இவர் இனி" என்பதற்குக் கீழே ஓர் இடைவெளி விட்டு ஒரு வரி சேர்த்தேன். "இம்மதிப்புரை முற்றுப்பெறவில்லை. இதைச் சொன்னவர் பிப்ரவரி மாதம் காலமானார். தட்டச்சு செய்தவர், அவருடைய கணவர்." எழுத்துப் பிழை உண்டா என்று பார்த்தேன். பிறகு அனுப்பினேன். மைத்துனர் என் தோளில் கை வைத்தார். இணைப்பைத் துண்டித்தேன்.

அவர் கீழே கிடந்த மனுவை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். என்ன செய்யப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவருடைய மனைவி தொலைபேசியில் சொல்லித்தான் தெரிந்தது. கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டார்.

"அண்ணே, அவ்வளவு திட்டி எழுதியிருந்தாங்களாம். கேட்டுட்டு அடங்கிடுவாருன்னு பாத்தா, 'அக்கா என்னை எழுதத் தெரிஞ்சவன்னு சொல்லிட்டா, அது போதும்'ங்கறாரு. மூணு பிள்ளைங்கண்ணே. நீங்க அத காட்டாமலே இருந்திருக்கலாம்ல?"

ஒரு பக்கம் முழுக்கக் கண்டனம். அதில் ஒரே ஒரு வரியை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். அந்த வரியும் அவள் சொன்னதுதான். என்னால் மறுக்க இயலாது. முடிவுறாத அறிக்கையை வெளியே விடக் கூடாது என்ற விதி எதற்காக இருக்கிறது என்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தே அனுப்பினேன். காட்டாமல் இருந்திருக்கலாம் என்று அவர் மனைவியிடம் என்னால் சொல்ல முடியவில்லை. மைத்துனரின் மனைவி தொலைபேசியை வைத்துவிட்டார்.

இதை எழுதும் இந்த ஆண்டிறுதியில், இன்னும் செய்யாமல் இருப்பவை:

கிள்ளானுக்குப் போய் மைத்துனரின் மனைவியைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பற்றி அவர் கேட்காமலே பேச வேண்டும்.

மதிப்புரைக்குப் பிறகு குழுவிலிருந்து வந்த அஞ்சல்களைத் திறக்க வேண்டும்.

உறுப்பினர் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடும்படி எழுத வேண்டும்.

மைத்துனர் எழுதத் தொடங்கியிருக்கும் இரண்டாவது நாவலின் முதல் அத்தியாயம் மேசையில் இருக்கிறது. அதைப் படிக்க வேண்டும். அவர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.