சத்தம் போடாதவர்

விளாத்திகுளம் சாலையில் பேருந்து நிற்கிறது. குதிரைவண்டிப் பந்தயம் முடியாமல் நகராது என்று சொன்ன கண்டக்டரும் வேடிக்கை பார்க்க இறங்கிப் போய்விட்டார். யாரிடம் சண்டை போடுவது? நானும் இறங்கிக் கூட்டத்தில் நிற்கிறேன். சாலையின் இரண்டு பக்கமும் தலைகள். மிளகாய்ச் செடி காய்ந்து கிடக்கும் கரிசல் புஞ்சைக்குள்ளும் ஆட்கள்.

"ஏலே, வருதுலே!"

பைக்குகள் ஹாரனை அலறவிட்டு வருகின்றன. அவற்றின் பின்னால் வண்டிகள். வாயில் நுரை தள்ள ஒரு வெள்ளைக் குதிரை முன்னே வருகிறது. எல்லோரும் கத்துகிறோம். என் பக்கத்தில் நிற்கும் பெரியவர் மட்டும் துண்டைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டிருக்கிறார். அவர் கண் அந்த வெள்ளையை விட்டு விலகவில்லை.

வண்டிகள் கடந்தபின் கேட்கிறேன்.

"ஏன் அண்ணாச்சி, நீங்க சத்தமே போடலியே?"

"அந்த வெள்ள நான் வளத்தது. மழ இல்ல, கொள்ளு வாங்க வழியில்ல, வித்துட்டேன். எஞ் சத்தம் கேட்டுச்சுன்னா ஓட்டத்த விட்டுட்டு நின்னுரும்."

தூரத்தில் வேட்டுச் சத்தம். வெள்ளைதான் ஜெயித்தது என்று கூவிக்கொண்டு ஜனம் அந்தப் பக்கம் ஓடுகிறது. எங்களைச் சுற்றிப் புழுதி மட்டும்.

"அதான் ஜெயிச்சாச்சே. போய் ஒருக்கா தடவிக் குடுத்துட்டு வாங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறார்.

"போனா எம் பின்னாலயே வந்துரும். அத எங்க கூட்டிட்டுப் போவேன்?"