எந்தத் தெரு?

வீடு பிடித்துவிட்டது, அதுதான் வினை. ஒத்தக்கடையில் புதிதாக முளைத்த தெருவில் மாடி வீடு. சன்னலைத் திறந்தால் யானைமலை, ஒரே கல்லாய், வெயிலைக் குடித்துவிட்டுப் படுத்திருந்தது. கண்ணை எதுவும் தடுக்காத மணல்வெளியில் பாதி வாழ்வைக் கழித்துவிட்டு, இங்குள்ள கல்லூரியில் வேலைக்கு வந்தவள் நான். எனக்கு அந்தக் கல் வேண்டும். காலையில் எழுந்ததும் பார்வை போய் முட்டிக்கொள்ள ஒரு மலை வேண்டும்.

வீட்டுக்காரர் நாற்காலியில் இருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"சொந்த ஊரு எதும்மா?"

"சோழவந்தான்."

"சோழவந்தான்ல எந்தத் தெரு?"

இந்தப் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே பொருள்தான். தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்னதாகும். "ஆத்துக்குப் பக்கம்," என்றேன்.

"ஆத்துக்குப் பக்கம் அம்புட்டுப் பேரும்தான இருக்காக."

என்னைக் கூட்டிவந்த வீட்டுத் தரகர் குறுக்கே விழுந்தார். "அண்ணே, டீச்சரம்மா பெரிய படிப்பு. பாலைவனத்துல ஆராய்ச்சி பண்ணுனவுக."

"ஒட்டகத்தையா?"

"மனுசங்களை," என்றேன்.

"மனுசனை ஆராய என்ன கெடக்கு? மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா?"

அப்புறம் எதற்குத் தெருவைக் கேட்கிறீர் என்று நாக்கு நுனி வரை வந்தது. மலைக்காக விழுங்கினேன்.

ஆடு மேய்ப்பவர்கள், பானை வனைபவர்கள், எல்லை தாண்டி வந்து தங்கிவிட்டவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், தர்காவுக்குப் போகிறவர்கள், இரண்டுக்கும் போகிறவர்கள். அந்தப் பாலைவனத்தில் யார் யாரைத் தம்மவர் என்கிறார்கள் என்று பார்ப்பதே என் பிழைப்பு. எல்லாரும் ஒருதாய் மக்கள் என்று புளுக மாட்டேன். கிணற்றடியில் குடங்கள் தள்ளித் தள்ளித்தான் நின்றன. ஆனாலும் வெயிலில் வந்தவளுக்கு முதலில் தண்ணீர், கேள்வி அப்புறம். இங்கே தொண்டை காயக் காய நின்றுகொண்டிருந்தேன்.

தரகர் கைபேசியோடு மாடிப்படிக்குப் போனார். யாரிடமோ விசாரித்துவிட்டு வந்து வீட்டுக்காரர் காதில் ஓதினார். அவர் முகம் எண்ணெயில் போட்ட அப்பளமாய் விரிந்தது.

"அட, மேலத்தெரு வெத்தலைக் கொடிக்கால்காரரு மகளா! நம்மாளு! இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? உக்காருத்தா. ஏய், காபி கொண்டா!"

நாற்காலி வந்தது. காபியும் வந்தது. ஆளும் அதே ஆள், வியர்வையும் அதே வியர்வை.

"நேத்துக்கூட ஒரு வாத்தியாரு வந்தாரு, மேலூர்க்காரரு. தங்கமான மனுசன். தெருவைச் சொன்னாரு. வீடு இல்லைன்னுட்டேன்," என்றார், எனக்குப் பரிசு தருகிறவர்போல. "சாவிய இப்பவே வாங்கிக்கத்தா."

சன்னலில் மலை அப்படியே கிடந்தது. காபியைத் தொடாமல் எழுந்தேன்.

"போறேன்."

காபி கொண்டுவந்த அவர் மனைவி பதறினார். "போறேன்னு சொல்லாதீக. வாரேன்னு சொல்லிட்டுப் போங்க."

"இல்லைங்க. போறேன்."

தரகர் பின்னாலேயே படியிறங்கினார். "கைக்கு வந்த வீடும்மா! சரி, அடுத்த வீட்லயாச்சும் தெருவை நீங்களாச் சொல்லிருங்க. வேலை லேசாயிரும்."