அங்ராவில் பெரியம்மா பேசிய தமிழ்

எங்கள் குடும்பத்தின் வாய் நான்தான். ஹம்பேர்க்கில் டொக்டரிடம் போனாலும், பெரியம்மாவுக்கு எந்த அலுவலகத்திலாவது டெர்மின் என்று நேரம் குறித்துக் கூப்பிட்டிருந்தாலும், ஒன்பது வயதில் நான் முன்னே நடப்பேன். பெரியவர்கள் பின்னே வருவார்கள். பெரியம்மா, அம்மாவின் அக்கா, ஜெர்மனிக்கு வந்து எவ்வளவோ காலமாகியும் வணக்கத்தையும் நன்றியையும் தாண்டி ஜெர்மன் படிக்கவில்லை. அதற்காக அவர் கவலைப்பட்டதும் இல்லை. நான் இருந்தேனே.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. வருடம் முழுக்கக் கப்பல் பார்ப்பவர், விடுமுறைக்கும் இன்னொரு துறைமுகத்தைத்தான் தேடிப் போவார். அந்த வருடம் அவர் கண்டுபிடித்தது அத்திலாந்திக் கடலின் நடுவே, எரிமலை கக்கி உண்டான ஒரு தீவு. போர்த்துக்கேயருடைய அசோர்ஸ் தீவுகளில் ஒன்று. அதன் பழைய துறைமுக நகரத்துக்கு அங்ரா என்று பெயர். தெருவில் பாவியிருந்த கற்கள் கன்னங்கரேலென்று இருந்தன. துறைமுகத்துக்குப் பக்கத்தில் எப்போதோ அணைந்துபோன எரிமலை ஒன்று புல் மூடிப் படுத்திருந்தது. அதன் முதுகில் ஒரு கோட்டை.

துறைமுக மதிலில் இருந்த பலகையை அப்பா எங்களுக்கு வாசித்துக் காட்டினார். இந்தியாவிலிருந்து மிளகும் கறுவாப்பட்டையும் ஏற்றித் திரும்பிய போர்த்துக்கேயக் கப்பல்கள் இங்கேதான் தண்ணீர் பிடிக்க நின்றனவாம். வாசித்து முடித்தபோது அவர் முகம் ஒருமாதிரி இருந்தது. ஏனென்று கேட்க வாயெடுத்தேன்.

"தம்பி எங்கை?" என்று அம்மா கத்தினார்.

தம்பிக்கு மூன்று வயது. காலில் போட்ட சப்பாத்தைக் கழற்றி எறிவதுதான் அவனுடைய முழுநேர வேலை. அன்றும் அம்மாவின் கையில் சப்பாத்து இருந்தது, பிள்ளை இல்லை. அம்மா முதலில் கடலைத்தான் எட்டிப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

நான் வழக்கம்போல முன்னே போனேன். வாசலில் நின்ற கடைக்காரரிடம், என் தம்பியைக் காணவில்லை என்று திருத்தமான ஜெர்மனில் சொன்னேன். அவர் என் தலையைத் தடவி ஒரு இனிப்பைத் தந்தார். அப்பாவின் ஆங்கிலத்தைக் கேட்ட முதியவர் கழிப்பறை இருக்கும் பக்கத்தைக் காட்டினார்.

பெரியம்மா அம்மாவின் கையிலிருந்த சப்பாத்தைப் பறித்துக்கொண்டு தெரு நடுவே போய் நின்றார். அதை உயர்த்திப் பிடித்து, மற்றக் கையைத் தன் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வைத்துப் பிள்ளையின் உயரத்தைக் காட்டினார்.

"சப்பாத்து! பிள்ளைக்குச் சப்பாத்து இல்லை!"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் மேல்மாடி யன்னலிலிருந்து ஒரு மூதாட்டி தலையை நீட்டினார்.

"சப்பாத்து?"

"ஓம் அக்கா, சப்பாத்துத்தான்!" என்றார் பெரியம்மா, கொஞ்சமும் அதிசயப்படாமல்.

அந்தச் சொல் வாசலுக்கு வாசல் தாவி மேட்டுத் தெருவில் ஏறிப் போனது. சற்று நேரத்தில் மா அப்பிய கையோடு ஒரு பெண் இறங்கி ஓடி வந்தார். மூச்சு விடாமல் பேசினார். நான் ஒன்றுமே விளங்காமல் நிற்க, பெரியம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். கொசீஞ்யா, மேசா, பாவ்ங் என்று சில சொற்கள் மட்டும் என் காதில் விழுந்தன.

"அழாதை," என்று அம்மாவின் தோளைப் பிடித்தார். "குசினியிலை, மேசையிலை ஏறியிருந்து பாண் தின்னுறானாம்."

அந்தப் பெண்ணின் சமையலறையில், கையில் ரொட்டித் துண்டோடு அப்படியேதான் இருந்தான், இரண்டு கன்னமும் உப்ப. அம்மா அவனைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு முதுகில் ஒன்று வைத்தார்.

"பெரியம்மா, உங்களுக்கு அவையின்ரை பாஷை தெரியுமோ?"

"இதென்ன பெரிய பாஷை? எங்கடை தமிழைத்தான் கொஞ்சம் மூக்காலை கதைக்கினம்."

நான் அதை முழுதாக நம்பினேன். விடுமுறை முடிந்ததும், அத்திலாந்திக் நடுவே தமிழ் பேசும் தீவு ஒன்று இருக்கிறது என்று வகுப்பில் அடித்துச் சொன்னேன். அது போர்த்துக்கேய மொழி, அதிலிருந்துதான் உங்கள் சொற்கள் வந்திருக்கும் என்று ஆசிரியை எவ்வளவு சொல்லியும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் அந்தக் குசினியில் நடந்த ஒன்றை வகுப்பில் சொல்லவில்லை. அந்தப் பெண் சுடச்சுடப் பாண் வெட்டி எல்லோருக்கும் நீட்டினார். அப்பா மட்டும் கை நீட்டவில்லை.

"அந்தக் காலத்திலை கப்பலிலை வந்து எங்கடை நல்லூர்க் கோயிலை இடிச்சது இவையின்ரை ஆக்கள்தான், அக்கா," என்றார்.

"தெரியும். இடிச்சது இவளே?" என்றார் பெரியம்மா. "மெல்லக் கதையும் தம்பி, பாதி இவைக்கு விளங்கிப்போம்."

அந்தப் பெண் சிரித்தபடி பாணோடு நின்றுகொண்டிருந்தார். அப்பா, மேசையில் பாண் தின்றுகொண்டிருந்த என் தம்பியைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். நல்லூர்க் கோயில் எங்கள் வீட்டுக் கலண்டரில் கோபுரத்தோடு முழுசாகத்தானே நிற்கிறது, அதை யார், எப்போது இடித்தார்கள் என்று நான் யோசித்தேன். கோபம் என்றால் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அப்பா ஏன் அவ்வளவு நேரம் எடுத்தார், கடைசியில் ஏன் அந்தப் பாணை இரண்டு கையாலும் வாங்கினார் என்பது எனக்கு விளங்கவில்லை.