உதை வாங்க ஆள் தேவை

வலங்கைமானுக்கு முன்னால் கூலி உயர்வு கேட்டு ஊர்வலம் போகிறது. பேருந்து நகரவில்லை. இறங்கி, அறுவடை முடிந்த வயலில் நிற்கும் சர்க்கஸ் கூடாரத்துக்குள் போகிறேன்.

உள்ளே ஆள் தேர்வு நடக்கிறது. வேடிக்கை பார்க்க ஊரே கூடியிருக்கிறது. மிராசுதார் கோமாளி பண்ணையாள் கோமாளியை உதைப்பது இவர்களுடைய பழைய ஆட்டம். நேற்று அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லையாம், அடிக்க இறங்கிவிட்டார்களாம்.

"உதையை விட முடியாதுங்க. அது எங்க வாத்தியார் குடுத்தது," என்கிறார் மேனேஜர். "யார் யாரை உதைக்கிறதுன்னுதான் மாத்துறோம்."

உதைக்கத் தேர்வாகியிருப்பவள் நடவு வேலை செய்யும் அஞ்சலை. உதை வாங்கத்தான் ஆள் அமையவில்லை. மிராசுதார் வேடத்திலும் கோமாளிகள் கூனியே நடக்கிறார்கள்.

வயலைக் காலி செய்யச் சொல்ல வந்த நிஜ மிராசுதார் வாசலில் நின்று பார்க்கிறார். அவருக்குப் பொறுக்கவில்லை.

"மிராசுதார் இப்படியாடா நடப்பான்?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி வட்டத்தைச் சுற்றி நடந்து காட்டுகிறார். கூட்டம் அப்படியே அடங்கிப்போகிறது.

பக்கத்தில் நிற்கும் அஞ்சலை என் காதில் கேட்கிறாள். "உதைக்கட்டுங்களா?"

"என்னைக் கேட்காதம்மா."

ஓடிப்போய் உதைத்துவிடுகிறாள். மிராசுதார் மரத்தூளில் குப்புற விழுகிறார். கூடாரமே சிரிப்பில் ஆடுகிறது. நான் பதறி ஓடி அவரைத் தூக்குகிறேன்.

அவர் அந்தச் சிரிப்பையே கேட்டுக்கொண்டு நிற்கிறார். பிறகு தணிந்த குரலில், "நடை சரியா இருந்துச்சா தம்பி?" என்கிறார்.

"இருந்துச்சுங்க."

துண்டைத் தேடி எடுத்து உதறுகிறார். மறுபடியும் நடக்கத் தொடங்குகிறார்.