சறோஜினிதேவியின் அலைச்சட்டை

இறுப்பிட்டியில் சறோஜினிதேவியிடம் துணி தைக்கக் கொடுத்தவர்கள் மிச்சத் துணி கேட்பதில்லை. கேட்டாலும் இருக்காது. ஒரு சட்டைக்கென்று வந்த துணியில் சட்டையைத் தைத்து, அதற்குள்ளேயே அந்த வீட்டுக் கைக்குழந்தைக்கு ஒரு தொப்பியும் வெட்டிவிடுவாள். துணியை மேசையில் விரித்துவிட்டால் கால்மணி நேரம் வாய் திறக்கமாட்டாள். கத்தரிக்கோல் அதற்குப் பிறகுதான் கைக்கு வரும்.

கணவர் சிவபாதம் பதுளையில் ஒரு புடைவைக் கடையில் நின்றவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தபின் ஊருக்கு வந்து சேர்ந்தார். உடுத்த உடுப்பைத் தவிர அவரோடு வந்தது, ஆளைக் கண்டால் எதையாவது விற்கவேண்டும் என்ற பழக்கம் மட்டுந்தான். விற்பதற்கு வீட்டில் ஒன்றும் இருக்கவில்லை. அதனால் கொஞ்சக் காலம் மனைவியின் தையலைப் பற்றி வேலியோரம் போகிறவர்களிடம் புகழ்ந்துகொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டு தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று தொடங்கிய கையோடு பரிமளம் ரீச்சர் ஒரு சீலையைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். அவர் நயினாதீவில் படிப்பிக்கிறவர். நாள்தோறும் குறிகட்டுவான் துறையில் மோட்டர் வள்ளம் ஏறிப் போய்வருவார். சோழகத்தில் அலை வள்ளத்தின் ஒரு பக்கமாக ஏறி ஆட்களின் மடியில் இறங்கும். கரை சேரும்போது சீலை உப்பில் விறைத்து நிற்கும். இது அந்த மாதத்தில் மூன்றாவது சீலை.

"இதைத் தைச்சுத் தரவேண்டாம். இதுக்கு மேலை போடுறமாதிரி ஒண்டு தைச்சுத் தாரும்," என்றார் ரீச்சர்.

மழைக்கோட்டு யாழ்ப்பாணக் கடைகளில் இருந்தது. அதன் விலைக்கு இன்னொரு சீலை வாங்கலாம். சறோஜினி மழைக்கோட்டின் படம் ஒன்றைப் பார்த்து, பட்டணத்தில் பொலித்தீன் சீற்று வாங்குவித்து, இரண்டு கை, ஒரு தொப்பி, ஆறு பொத்தான் என்று எல்லாம் வைத்துத் தைத்தாள். ரீச்சர் சோக்குப் பெட்டி வைக்க ஒரு பையும் கேட்டார். அதையும் வைத்தாள். சிவபாதம் அதை வேலியில் தொங்கவிட்டு ஊரெல்லாம் கூட்டிக் காட்டினார்.

தையல் ஊசி போன இடமெல்லாம் பொலித்தீனில் ஓட்டை. தபால் முத்திரைகளைப் பிரித்துக் கிழிப்பதுபோல அந்த வரியிலேயே அது கிழியும் என்று யாரும் நினைக்கவில்லை. நடுக்கடலில் காற்று ஒரு இழுப்பு இழுத்தது. வள்ளம் ஓட்டிய ஐயாத்துரை திரும்பிப் பார்த்துவிட்டு, அவசரப்படாமல் சொன்னார்:

"ரீச்சர், உங்கட கையொண்டு கடலிலை போகுது."

ரீச்சர் மிஞ்சிய சட்டையைச் சுருட்டிக்கொண்டு பின்னேரம் வந்தார். கோபிக்கவில்லை. மற்றக் கை இன்னும் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

ஊசி கூடாது என்றால் சூடுதான் என்று சறோஜினி முடிவெடுத்தாள். பொலித்தீனின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துவைத்து, மேலே பழைய செய்திப் பேப்பர் போட்டு, இஸ்திரிப்பெட்டியால் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது. அலையும் தாங்கியது. ஆனால் பேப்பரில் இருந்த எழுத்தும் கூட ஒட்டியதை அவள் கவனிக்கவில்லை. ரீச்சர் முதுகில் ஒரு மரண அறிவித்தலோடு பள்ளிக்கூடம் போனார். எழுத்து இடம் வலமாகத் திரும்பியிருந்தாலும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதைக் கூட்டி வாசித்து, தகனம் எத்தனை மணிக்கு என்பதுவரை கண்டுபிடித்துவிட்டார்கள்.

எழுத்தை விடலாம், வெறுந்தாள் போட்டால் சரி. விலைதான் வழிக்கு வரவில்லை. ஒரு சட்டைக்கு ஒரு பின்னேரமும், இஸ்திரிப்பெட்டிக்கு ஒரு கடகம் சிரட்டைக்கரியும் போயின. துறையில் நிற்கிற சனம் ரீச்சரின் சட்டையை ஆசையாகத் தடவிப் பார்த்து, விலையைக் கேட்டுவிட்டு, நனைந்தால் காயுந்தானே என்று போய்விட்டது. ஆனியில் நயினாதீவு அம்மன் கோயில் கொடியேறும், சனம் அள்ளுப்படும், அதற்குள் விலை இறங்காவிட்டால் பயனில்லை என்று சிவபாதம் சொல்லிக்கொண்டே திரிந்தார்.

சறோஜினி ஒருநாள் தைக்கிற வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுக் குறிகட்டுவானுக்குப் போய், ஐயாத்துரையின் வள்ளத்தில் நயினாதீவுவரை இருந்து, அதிலேயே திரும்பி வந்தாள். கடலைப் பார்க்கவில்லை, ஆட்களையே பார்த்தாள். பெண்கள் சீலைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் பிடித்திருந்தார்கள். தொப்பி யாருக்கு? எல்லாருடைய கையும் மடியில் பையையோ பிள்ளையையோ பிடித்தபடி இருந்தது. சட்டைக்குக் கை எதற்கு? இருந்த இடத்தைவிட்டு யாரும் எழும்பவில்லை. பொத்தான் பூட்டித் திறக்க யாருக்கு நேரம்?

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி வெட்டினாள். சிவபாதம் தொப்பிக்கும் கைக்கும் பொறுத்துக்கொண்டார். பையை வெட்டும்போது தடுத்தார்.

"பை இருக்கெண்டு நான் எத்தினை பேரிட்டைச் சொல்லிப்போட்டன் தெரியுமே?"

"இல்லையெண்டு இனிச் சொல்லுங்கோ," என்றாள்.

எல்லாம் போன பிறகு மேசையில் கிடந்ததைப் பார்க்க இருவருக்கும் ஒரு சாக்கு மாதிரி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற சறோஜினி, வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறம் போனாள். அங்கே வெங்காயத் தோட்டத்துக்கு வாங்கிய யூரியாப் பைகள் கிடந்தன. பைக்குள் இன்னொரு பை, கண்ணாடி மாதிரியான தடித்த பொலித்தீன். இரண்டு பக்கமும் அடியும் ஏற்கனவே ஒட்டி வந்தது. அவள் பின்னேரம் முழுக்க இருந்து ஒட்டுவதை ஏதோ ஒரு மெசின் எப்போதோ ஒட்டி முடித்திருந்தது. கிணற்றடியில் கழுவிக் காயவிட்டு, பையைத் தலைகீழாக்கி, அடியில் கழுத்துக்கு ஒரு வட்டமும், பக்கத்தில் கைக்கு இரண்டும் வெட்டினால் போதும்.

கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டுப் பார்த்தாள். தலை நுழைந்ததும் கழுத்து சர்ரென்று வயிறுவரை கிழிந்தது. வெட்டிய ஓரத்தில் ஒரு சின்னப் பிசிறு இருந்தால் போதும், கிழிசல் அதிலிருந்து ஓடிவிடும். ஓரத்தைச் சூடுகாட்டி உருக்கினால் தடித்துக்கொள்ளும், ஆனால் அதற்கு இன்னொரு வேலை, இன்னொரு நேரம். யோசித்தபடி குசினிக்குள் போனவள் மா வைக்கிற பெரிய தகரப்பேணியோடு வந்தாள். பேணியின் வாயைத் தணலில் காய்ச்சி, துணியால் பிடித்துப் பொலித்தீனில் ஒரு அழுத்து. வட்டம் கழன்று விழுந்தது. ஓரம் உருகி மெல்லிய கயிறுபோலத் திரண்டு நின்றது. வெட்டும் மடிப்பும் ஒரே அழுத்தில் முடிந்துவிட்டது.

சிவபாதம் ஆசையோடு தலையை விட்டார். போகவில்லை. பையின் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தன. தலை நுழையாத சட்டை என்று அவர் ஒருநாள் முழுக்கச் சிரித்தார். மறுநாள் பைக்குள் ஒரு பனம்பலகையை நுழைத்து வைத்து, ஒரு பக்கம் அழுத்தி, திருப்பி மறுபக்கம் அழுத்தினாள். கைகளுக்குச் சின்னப் பால்பேணி. ஒரு சட்டை முடிய, அடுப்பில் கஞ்சி பொங்குகிற நேரம்கூட ஆகவில்லை. விலை ஒரு சோடாவின் விலைக்கு வந்துவிட்டது.

கொடியேறிய அன்று சிவபாதம் குறிகட்டுவானில் ஒரு சட்டையைத் தானே போட்டுக்கொண்டு நின்றார். பட்டுச்சீலையோடு வந்த பெண்களிடம், உள்ளே சீலைக்கரை தெரியும், வெளியே தண்ணி படாது என்றார். அதை அவரே யோசித்திருந்தார். மத்தியானத்துக்குள் கொண்டுபோன கட்டு விற்று முடிந்தது. உள்ளே வேர்க்கிறது என்று சிலர் குறை சொன்னார்கள். ஐயாத்துரை, கடல் தண்ணியில் நனைவதைவிடச் சொந்தத் தண்ணியில் நனைவது மரியாதை என்று அவர்களைச் சமாளித்தார்.

மூன்றாம் திருவிழாவுக்கு ஊரில் பாதிப்பேர் தங்கள் வீட்டு யூரியாப் பையைத் தாங்களே கத்தரித்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். சிவபாதத்துக்கு வயிறெரிந்தது. இதற்கு யாரிடம் முறையிடுவது என்று கேட்டார். சறோஜினி, வள்ளம் திரும்பி வரட்டும் என்று மட்டும் சொன்னாள். திரும்பிய வள்ளத்தில் பாதிச் சட்டைகள் கழுத்திலிருந்து வயிறுவரை திறந்து, கொடிச்சீலை மாதிரி ஆடிக்கொண்டு வந்தன. அடுத்த கிழமை அந்த ஆட்களே கழுவிய பைகளைக் கொண்டுவந்து, துளை மட்டும் போட்டுத் தரச் சொன்னார்கள். பை வாங்குகிற செலவும் அவளுக்கு மிச்சம்.

பரிமளம் ரீச்சர் தனக்குச் சட்டை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, எல்லாம் நல்லாய்த்தான் இருக்கு, பைதான் இல்லை என்றார். ஆண்டுக்கொருமுறை அதைச் சொன்னார். சறோஜினி ஆண்டுக்கொருமுறை கேட்டுக்கொண்டாள்.

அந்த முதல் ஆண்டு மாரிக்காலத்தில் கடலுக்குப் போகிறவர்கள் குறைந்தார்கள். ஆனால் மழை விடாமல் பெய்தது. பக்கத்து வளவுச் சின்னாச்சி ஒரு ஆட்டுக்குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, இது நனைந்து நடுங்குகிறது, இதுக்கு ஒன்று ஏலுமோ என்று கேட்டாள். சறோஜினி குட்டியை மேசையில் நிறுத்திக் கால்மணி நேரம் பார்த்தாள். புதிதாக ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. சின்னப் பை ஒன்றுக்குள் பலகையை நுழைத்து, பால்பேணியால் மூன்று துளை. ஒன்றுக்குள் கழுத்துப் போயிற்று, மற்ற இரண்டுக்குள்ளும் முன்னங்கால்கள் போயின. குட்டி இறங்கி முற்றத்தில் சரசரவென்று ஓடியது. சிவபாதம் குடையைப் பிடித்துக்கொண்டு, ஊரில் யார் யாரிடம் ஆடு நிற்கிறது என்று பார்க்கப் புறப்பட்டார்.