மீதியில் பாதி

கணக்குக்காகவா துஆ கேட்டாய் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள், சகோதரிகளே. அன்றைக்கு எனக்கு அது உயிர் போகிற பிரச்சினை.

1968-ல் செஞ்சியில் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தேன். மற்ற பாடமெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பின்னக் கணக்கு மட்டும் எட்டிக்காய். அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் பெயில். அத்தா திட்டவில்லை. ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான்.

"ஒரு தடவ எழுதும்மா. பாஸானா டீச்சர் டிரெயினிங். பெயிலானா மாமா மவனுக்கு நிக்காஹ். ரெண்டாவது தடவைன்ற பேச்சே கெடையாது."

மாமா மகன் நல்லவர்தான். எனக்குத்தான் கல்யாணத்தில் மனசில்லை. டீச்சராக வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு கணக்கு என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஒருவன் தன் மாம்பழங்களில் மூன்றில் ஒரு பங்கை விற்றான். மீதியில் பாதியைத் தானம் செய்தான். இன்னும் 24 பழம் இருக்கிறது. மொத்தம் எத்தனை? மொத்தத்தை x என்று வைத்து, மூன்றில் ஒன்றைக் கழிப்பேன், பாதியைக் கழிப்பேன், 144 என்று எழுதுவேன். விடைப் பக்கத்தில் 72 என்றிருக்கும். வாத்தியாரைக் கேட்டால், "நல்லா படிச்சுப் பாரு, அதுலயே இருக்குது" என்பார். எதில் இருக்கிறது? எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வரும்.

உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் நடக்கத் தோன்றும். வெயிலில் ராஜகிரி மலை கொதிக்கும், நான் கிணற்றடிக்கும் வாசலுக்கும் அலைவேன். "இன்னாடி, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்துற?" என்பாள் அம்மா. சோறு இறங்கவில்லை.

விடிகாலை ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் கையேந்துவேன். "யா அல்லாஹ், மார்க்குகூட அப்புறம் கேட்டுக்கறேன். மொதல்ல இது புரியணும்." ஏந்திய கை கீழே இறங்குவதற்குள் மனசு மறுபடி ஓட ஆரம்பித்துவிடும். அந்த லட்சணத்தில் கேட்ட துஆ!

பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் பக்ரீத் வந்தது. குர்பானி ஆட்டை ஆண்கள் அறுத்துக் கொடுத்துவிட்டார்கள். கறியை மூன்று பங்காக்குவது எங்கள் வழக்கம். ஏழைகளுக்கு ஒன்று, சொந்தக்காரர்களுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. அம்மா ஏழைகள் பங்கை முதலில் எடுத்து அனுப்பிவிட்டாள். "சொந்தக்காரங்க பங்க நீ எடுத்து வை" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் அன்னக்கூடையில் இருந்ததை மூன்றாகக் கூறு கட்டி, ஒன்றைத் தனியே வைத்தேன்.

அம்மா வந்து பார்த்தாள். "அடிப்பாவி, சொந்தக்காரங்களுக்கு இவ்ளோதானா? நமக்கு மட்டும் இம்மாம் கறியா? பாக்கறவங்க காறித் துப்புவாங்க!"

"மூணுல ஒண்ணுதானேம்மா வெச்சேன்?"

"எதுல மூணுல ஒண்ணு? ஏழைங்க பங்குதான் போயிடுச்சே. இப்ப இருக்கறதுல பாதி வெக்கணும்டி!"

எதில்?

கையெல்லாம் கறியோடு அப்படியே நின்றேன். இருப்பதில் பாதி என்றால் அது முழு ஆட்டில் மூன்றில் ஒன்று. அப்படியானால் மாம்பழக்காரன் தானம் செய்ததும் மொத்தத்தில் பாதி இல்லை, மூன்றில் ஒன்றுதான். அவனிடம் மிஞ்சியதும் மூன்றில் ஒன்று. அந்த 24-ஐ மூன்றால் பெருக்கினால் 72! நான் போட்ட சத்தத்தில் அம்மா பயந்தே போய்விட்டாள்.

பரீட்சையில் நெல் மூட்டைக் கணக்கு வந்தது. கால் பங்கு விதைக்கு, மீதியில் மூன்றில் ஒரு பங்கு விற்பனைக்கு, கையில் 40 மூட்டை. பழைய நானாக இருந்தால் 96 என்று எழுதிவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்திருப்பேன். எதில், எதில் என்று கேட்டுக் கேட்டு 80 என்று எழுதினேன்.

பாஸ். அல்ஹம்துலில்லாஹ்.

டிரெயினிங் பள்ளிக்கு அத்தாதான் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். பஸ் கிளம்புகிற நேரம் ஜன்னலோரம் வந்து நின்றார். "நல்லாப் படிம்மா. பெயிலானாலும் பயப்படாத. இன்னொரு தடவ எழுதிக்கலாம்" என்றார். அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அப்போது பொத்துக்கொண்டு வந்தது.

நான் கேட்டது ஒரு கணக்குதான். அல்லாஹ் என் அத்தாவின் மனசையும் சேர்த்து மாற்றித் தந்தான். சின்ன விஷயம் என்று கூச்சப்படாதீர்கள், சகோதரிகளே. மனசு நிலைகொள்ளாவிட்டாலும் அப்படியே கையேந்திக் கேளுங்கள்.