வை போனை

எங்கள் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவரின் இயற்பெயர் அவர் மனைவிக்கே சட்டென்று ஞாபகம் வராது. எல்லோருக்கும் அவர் 'அப்புறம்'. கண் பரிசோதிக்கும்போது ஒரு வரி படித்ததும் "அப்புறம்?" என்பார். அடுத்த வரிக்கும் அதே. படிக்க வரியே இல்லாமல் போன பின்னும் விடாமல் கேட்டு, பலகையின் அடியில் இருந்த அச்சகத்தின் விலாசத்தைக்கூட ஒருவரைப் படிக்கவைத்தவர்.

தொழிலில் வந்த இந்த வியாதி தொலைபேசிக்கும் தொற்றியது. "சரி, வெச்சிடட்டுமா?" என்று எதிர்முனை கெஞ்சும். "வைங்க, வைங்க" என்பார் பெரிய மனதுடன். எதிர்முனை நிம்மதியாக மூச்சுவிடும். "அப்புறம்?" என்பார்.

அவரை அடக்கத் தெரிந்தவர் ஒருவர்தான்: ஊரின் மறுகோடியில் இருந்த அண்ணி. சேதி முடிந்ததும் "வை போனை" என்பார், அவ்வளவுதான். தமிழில் வைக்கச் சொல்வதற்கும் வையச் சொல்வதற்கும் ஒரே 'வை'தானே. இவர் அதை வருஷக்கணக்காக வசவுப் பக்கமே சேர்த்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் இடியோடு மழை பிடித்துக்கொண்டது. பாதுகாப்பு விஷயத்தில் நம்மவர் கெட்டி. செல்போன் மின்னலை இழுக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, அதை அணைத்து, துணியில் சுற்றி, இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். பிறகு, தெருக் கம்பத்திலிருந்து கூரை வழியாக நேரே தம் காதுவரைக்கும் ஒயர் இழுத்திருந்த கடைத் தொலைபேசியை எடுத்து, அண்ணனின் முழங்கால் வலியை விசாரிக்க உட்கார்ந்தார். அண்ணிதான் எடுத்தார்.

"என்ன தம்பி, கரகரன்னு கேக்குது?"

"இடி அண்ணி. பயப்படாதீங்க, செல்லை அணைச்சுப் பூட்டிட்டேன்."

"அப்ப எதுல பேசுற?"

"கடை போன்ல. ஒயர் போட்டது, பத்திரம்."

"அந்த ஒயர்லதான் தம்பி மின்னல் வரும். வை போனை."

"அண்ணன் முழங்கால்..."

"அது இருந்த இடத்துலதான் இருக்கு. வை."

டொக்கென்று வைத்தார். கடைக்குப் பின்னால்தான் வீடு. அடுப்படியில் நின்ற மனைவியிடம் போய், "அக்கறையா விசாரிச்சா வள்ளுன்னு விழுறாங்க" என்று ஆரம்பித்தார்.

"அப்புறம்?" என்றார் மனைவி, திரும்பாமலே.

பதில் கூரையிலிருந்து வந்தது. கடை முழுக்க வெள்ளை வெளிச்சம். கூடவே காது அடைக்கும் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் சுவர் கரியாகியிருந்தது. ரிசீவரில் காது வைக்கும் பக்கம் உருகித் தொங்கியது. பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது. அந்தக் காலியை அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றோடு அந்த வசவு மந்திரமாகிவிட்டது. விலை உயர்ந்த பிரேம்களை ஓரம் கட்டிவிட்டு, கருகிய தொலைபேசியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார். "எங்க அண்ணி வஞ்சதாலதான் பொழச்சேன்" என்ற கதையை முழுதாகக் கேட்டால்தான் யாருக்கும் லென்ஸ் மாட்டுவார்.

அடுத்த மழைக்கு, இடி உறுமும்போதே செல்போனில் அண்ணியைக் கூப்பிட்டார்.

"சார்ஜர்ல மாட்டியிருக்கியா?"

"இல்ல அண்ணி, கழட்டிட்டேன்."

"ஜன்னல்கிட்ட நிக்கிறியா?"

"நடு வீட்டுல உக்காந்திருக்கேன்."

இனி 'வை' வரும் என்று கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டார்.

"அப்புறம்?" என்றார் அண்ணி.